நம்ம வீட்டுப் பிள்ளை உட்காராத இருக்கை

பூங்கா திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. டவர் ராட்டினத்தின் ஆபரேட்டர் ஒவ்வொரு இருக்கையாகத் தோள் கம்பியை இழுத்து இறக்கிப் பூட்டிக்கொண்டே வந்தான். மொத்தம் பன்னிரண்டு இருக்கைகள். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு சின்ன விளக்கு உண்டு. கம்பி சரியாகப் பூட்டிக்கொண்டால் சிவப்பு பச்சையாகும். பன்னிரண்டும் பச்சையானால்தான் டவர் நகரும். ஆட்களை உட்கார வைத்து இருபது மாடி உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கே கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கீழே போடுவதுதான் அதன் வேலை. விழுவதற்கு ஆகும் நேரம் மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியில் மனிதனுக்கும் ஆகாயத்துக்கும் நடுவில் இருப்பது அந்தத் தோள் கம்பி ஒன்றுதான்.

ஆறாவது இருக்கை வரைக்கும் பச்சை. ஏழாவது சிவப்பு. அவன் பதறவில்லை. உள்ளங்கையால் கம்பியின் வளைவில் பட் பட்டென்று இரண்டு தட்டு தட்டினான். பச்சை. எட்டாவது இருக்கைக்கு நகர்ந்துவிட்டான்.

பூங்காவில் அவனுக்குப் பெயரே 'சரியாயிடும்'தான். எது கெட்டாலும் அவன் வாயில் வரும் முதல் சொல் அது. "சரியாயிடும் அண்ணே, டீக்கடையில பால் தீந்துபோச்சாம்" என்று டிக்கெட் கொடுக்கும் பெண்கூடக் கிண்டல் செய்வாள். நல்லவன்தான். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டான். இந்த மாதிரி நல்லவர்களை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டவன் ஒருத்தன் கெடுதல் செய்யக் கிளம்பினால் நாலு பேர் உஷாராவார்கள். இவர்கள் செய்யும்போது யாருக்குமே தெரிவதில்லை.

ஏழாவது இருக்கை மக்கர் பண்ண ஆரம்பித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. முதல் நாளே மெக்கானிக் வந்து பார்த்தார். இருபது வருட அனுபவம் உள்ளவர். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணு, உள்ள பூட்டோட பல்லு தேஞ்சிருக்கணும். இல்லன்னா பூட்டு நல்லாத்தான் இருக்கு, விளக்குக்குப் போற சென்சார் கெட்டிருக்கணும். பிரிச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும். பிரிக்கணும்னா ரெண்டு நாள் டவர நிறுத்தணும்."

இருவரும் மேனேஜரிடம் போனார்கள். அவர் பள்ளி விடுமுறைக் கூட்டத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா? விளையாடுறீங்களா? வாசல்ல மாட்டியிருக்கிற போர்டுல பெரிசா இருக்கிறதே டவர் படம்தான்யா. லீவு முடியட்டும், பாத்துக்கலாம்."

"அந்த ஒரு சீட்ட மட்டும் கயிறு கட்டி மூடிடலாமே சார்?" என்றான் ஆபரேட்டர். அவ்வளவாவது கேட்டான்.

"மூடினா பக்கத்து சீட்ல உக்கார்றவன் என்ன நெனைப்பான்? மத்த பதினோரு சீட்லயும் ஒருத்தனும் ஏறமாட்டான். தட்டினா பச்சை வருதுல்ல? தட்டி ஓட்டுங்க."

தட்டி ஓட்டினார்கள். யோசித்துப் பாருங்கள். பூட்டு விழுந்ததா இல்லையா என்று சொல்வதற்காகவே வைத்த விளக்கு அது. விழவில்லை என்று அது சொல்கிறது. அதன் கன்னத்தில் இரண்டு அறை விட்டு, 'விழுந்துடுச்சுன்னு சொல்லு' என்று மிரட்டுகிறார்கள். அதுவும் பயந்துபோய்ச் சொல்லிவிடுகிறது. நாள் ஒன்றுக்கு ஐம்பது தடவை இந்தக் கூத்து நடந்தது. தினமும் காலையில் சோதனைப் பதிவேட்டில் பன்னிரண்டு கட்டத்திலும் 'சரி' என்று குறித்துக் கையெழுத்தும் போட்டான் ஆபரேட்டர்.

இதுகூடப் பரவாயில்லை, பல இடங்களில் நடப்பதுதான் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். இதற்கு மேல் நடந்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டாவது வாரம் மெக்கானிக்கின் அண்ணன் மகன் பூங்காவுக்கு வந்திருந்தான். டவரில் ஏறி நேராக ஏழாவது இருக்கையில் போய் உட்கார்ந்தான். மெக்கானிக் பக்கத்தில் போய், "இங்க வெயில் மூஞ்சில அடிக்கும்டா, அந்தப் பக்கம் போ" என்று எழுப்பி மாற்றி உட்கார வைத்தார். ஏழாவதில் வரிசையிலிருந்து வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஆபரேட்டர் பார்த்தான். வழக்கம்போல இரண்டு தட்டு தட்டிவிட்டு டவரை மேலே அனுப்பினான். அடுத்த வாரம் டிக்கெட் கொடுக்கும் பெண்ணின் தங்கை வந்தாள். அவள் ஏறும்போது அக்காக்காரி கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, "சரியாயிடும் அண்ணே, நம்ம வீடு!" என்று குரல் கொடுத்தாள். அவன் தலையை ஆட்டினான். தங்கை மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்தாள்.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. 'நம்ம வீடு' என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், ஏழு கிடையாது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, யாரும் வெட்கப்படவும் இல்லை. அந்த இருக்கையில் ஏதோ ஆகலாம் என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரியும். தெரிந்துதான் அவரவர் வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஊரார் பிள்ளை போய் உட்கார்ந்தது.

வருடத்துக்கு ஒரு நாள் ஊழியர்களின் குடும்பத்தைப் பூங்காவுக்குள் இலவசமாக விடுவார்கள். அந்த நாளும் இதுதான். ஆபரேட்டரின் மனைவியும் மகளும் வந்தார்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா ஓட்டும் ராட்டினம் என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தாளே தவிர, உயரம் பத்தாததால் ஒரு தடவைகூட ஏறினதில்லை. இந்த வருடம்தான் அளவுகோலைத் தாண்டியிருந்தாள்.

மனைவிக்கு ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. மேசை மேல் சட்டைகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். காலர், கை, தையல், பட்டன் என்று ஒரு சட்டைக்கு அரை நிமிடம். பட்டன் லேசாக ஆடினாலே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாகப் போட்டுவிடுவாள். பதினோரு வருடம் அதே வேலை. கல்யாண வீட்டில் எதிரே நிற்பவரின் சட்டையில் பிரிந்த தையல்தான் அவள் கண்ணுக்கு முதலில் படும். "உன்கூட எங்கயாவது நிம்மதியா போக முடியுதா?" என்று ஆபரேட்டர் அலுத்துக்கொள்வான்.

மதியம் டவர் வரிசை வளைந்து வளைந்து நின்றது. ஊழியர் வீட்டு ஆட்கள் பக்கவாட்டு வழியில் போகலாம். மகள் குதித்துக்கொண்டு ஓடி, காலியாக இருந்த இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஏழாவது.

"அங்க வேணாம்மா, இந்தப் பக்கம் வா" என்றான் ஆபரேட்டர்.

"ஏம்ப்பா? இங்கருந்து ஏரி தெரியும்னு நீதானே சொன்ன?"

"சொன்னா கேளு. இங்கயும் தெரியும்."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் எழுந்து இரண்டாவது இருக்கைக்குப் போனாள். அவன் கம்பியை இறக்கி, இழுத்துப் பார்த்து, இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தான். பிறகு வரிசையைப் பார்த்துக் கை காட்டினான். முன்னால் நின்றிருந்த ஒரு கண்ணாடிக்காரச் சிறுமி கண்ணாடியைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். அவளுக்கும் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். ஏழில் உட்கார்ந்தாள். கம்பி இறங்கியது. விளக்கு சிவப்பு. பட் பட். பச்சை.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த மனைவியின் கண் அந்தக் கையிலேயே நின்றது. பக்கத்தில் மெக்கானிக் இருந்தார்.

"என்னண்ணே அது? அந்த சீட்ட மட்டும் எதுக்குத் தட்டுறாரு?"

"அதுவா? அது கொஞ்ச நாளா மக்கர் தங்கச்சி. தட்டினாத்தான் பச்சை வரும்." அவள் முகம் மாறுவதைப் பார்த்து அவர் சமாதானமாகச் சிரித்தார். "நீ ஒண்ணும் பயப்படாத. நம்ம வீட்டுப் பிள்ளைங்கள நாங்க அதுல உக்கார வைக்கிறதில்ல. உம் பொண்ணத்தான் மாத்திட்டாரே, பாத்தியில்ல?"

ஆறுதல் சொன்னதாகத்தான் அந்த மனிதர் நினைத்தார். இதைக் கேட்டு அவள் நன்றி சொல்வாள் என்றுகூட எதிர்பார்த்தார்.

அவளுக்கு முதல் கணம் நிம்மதிதான் வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. என் பிள்ளை தப்பித்தாள் என்றுதான் எந்தத் தாய்க்கும் முதலில் தோன்றும். அடுத்த கணமே அந்த நிம்மதி அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஏழாவது இருக்கையில் கால்களை ஆட்டிக்கொண்டு அந்தச் சிறுமி தன் அப்பாவைப் பார்த்துக் கையசைத்தாள். அவரும் மகளின் கண்ணாடியைப் பிடித்தபடியே பதிலுக்குக் கையசைத்தார்.

"நிறுத்துங்க!"

அவள் போட்ட சத்தத்தில் வரிசை முழுவதும் திரும்பியது. சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடினாள். ஆபரேட்டரின் விரல் பட்டனுக்குப் பக்கத்தில் போயிருந்தது.

"ஏய், இங்கெல்லாம் வரக்கூடாது. என்ன பண்ற நீ?"

"பூட்டத் திறங்க. அந்தப் பொண்ண எறக்கி விடுங்க."

"அட, ஒண்ணுமில்ல. உனக்கு அதெல்லாம் புரியாது. சரியாயிடும்..."

"சரியாயிடும்னா நம்ம பொண்ண எதுக்கு எழுப்பினீங்க?"

அவன் கை தானாகப் பூட்டைத் திறக்கும் பட்டனுக்குப் போனது. பன்னிரண்டு கம்பிகளும் தளர்ந்தன. அவள் கண்ணாடிக்காரச் சிறுமியைக் கை பிடித்து இறக்கிவிட்டாள். "உங்கிட்ட ஒரு தப்பும் இல்லடா கண்ணு. போ, அப்பாகிட்ட போ" என்றாள். அப்புறம் அதே ஏழாவது இருக்கையில் தானே ஏறி உட்கார்ந்து, கம்பியைத் தோள் மேல் இழுத்துக்கொண்டாள். தலைக்கு மேல் விளக்கு சிவப்பாகவே எரிந்தது.

"இப்ப வாங்க. வந்து தட்டுங்க."

அவன் பட்டன் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றான்.

"யாரோ பெத்த பிள்ளைக்கு ரெண்டு தட்டு தட்டினீங்கல்ல? அதே ரெண்டு தட்டு. பச்சை வரட்டும். நானும் மேல போய் ஏரியப் பாத்துட்டு வர்றேன்."

அவன் கிட்டே வந்தான். கையைக்கூட உயர்த்தினான். ஆறு வாரமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. ஆனால் கம்பிக்குப் பின்னால் இருந்தது பதிமூன்று வருடமாகத் தினமும் பார்க்கிற முகம். இதற்கு முன்னால் அந்தக் கம்பிக்குப் பின்னால் ஒரு முகம் இருந்ததாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை. கை கீழே இறங்கிவிட்டது.

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு மேனேஜர் மூச்சிரைக்க வந்தார். அவரும் அன்றைக்குக் குடும்பத்தோடுதான் வந்திருந்தார். அவருடைய மகன் வேலிக்கு வெளியே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நின்றான்.

"என்னம்மா கலாட்டா இது? இத்தன பேர் நிக்கிறாங்க. இப்ப என்ன, பச்சை வரணும் அவ்ளோதானே?" என்று சொல்லிக்கொண்டே அவரே கம்பியில் ஓங்கி இரண்டு தட்டு தட்டினார். விளக்கு பச்சையானது. கம்பியைப் பிடித்து உலுக்கியும் காட்டினார். அது அசையவில்லை. "பாத்தீங்களா? கல்லு மாதிரி நிக்குது. விளக்குலதான் கோளாறு. பூட்டு நல்லா இருக்கு. ஊரக் கூட்டிப் பூங்கா பேரக் கெடுக்காதீங்க."

வரிசையில் சிலர் தலையாட்டினார்கள். "அதான் நல்லா இருக்குன்னு சொல்றாங்களே, சீக்கிரம் ஓட்டுங்கப்பா" என்று ஒரு குரல்கூடக் கேட்டது. இப்படி ஒரு குரல் எல்லாக் கூட்டத்திலும் இருக்கும்.

"நல்லா இருக்குங்களா?" என்றாள் அவள். "ரொம்ப சந்தோஷம் சார். அப்ப நான் எறங்கிக்கிறேன். அதோ உங்க பையன் நிக்கிறான் பாருங்க, அவனக் கூப்பிட்டு உக்கார வைங்க."

மேனேஜர் திரும்பி மகனைப் பார்த்தார். ஒரே ஒரு விநாடிதான் பார்த்தார், ஆனால் அந்தப் பார்வையை மேடையில் இருந்தவர்களும் வரிசையில் இருந்தவர்களும் பார்த்துவிட்டார்கள்.

"அவனுக்கு... உயரம்னா தலை சுத்தும்" என்றார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. போன வாரம் இதே டவரில் ஏறினவர்கள் இரண்டு மூன்று பேர் அந்த வரிசையில் இருந்தார்கள். எந்த இருக்கையில் உட்கார்ந்தோம் என்று அவர்கள் மனசுக்குள் எண்ணத் தொடங்கியிருந்தார்கள்.

ஆபரேட்டர் பட்டன் பலகைக்குப் போய்ப் பூட்டைத் திறந்து மனைவியை இறங்கவிட்டு, சாவியைத் திருப்பி உருவினான். பன்னிரண்டு விளக்குகளும் அணைந்தன. மகள் இறங்கி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவன் பதிவேட்டை எடுத்து அன்றைய பக்கத்தில் ஏழாம் கட்டத்தில் இருந்த 'சரி'யை அடித்துவிட்டு, 'பூட்டு பழுது. ஆறு வாரமாக இருக்கிறது. ராட்டினம் நிறுத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"அறிவிருக்கா உனக்கு? ஆறு வாரம்னு எழுதுற? நாளைக்கு வேலைக்கு வர வேணாம்யா நீ!" மேனேஜரின் குரல் கீச்சென்று ஏறியது. உடனே கூட்டத்தை நினைத்துத் தணிந்தது. மைக்கை எடுத்து அவன் கையில் திணித்தார். "சரி, மத்தத அப்புறம் பேசிக்கலாம். சின்ன டெக்னிக்கல் பிரச்சனைன்னு சொல்லிக் கூட்டத்தக் கலைச்சு விடு."

அப்போது கண்ணாடிக்காரச் சிறுமியின் அப்பா மேடை ஓரத்துக்கு வந்தார். பஸ் ஓட்டுகிறவர். காலை ஷிப்ட் முடித்துச் சீருடைகூட மாற்றாமல் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் கத்தவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நேத்து அந்த சீட்ல உக்காந்தது யாரு?"

"தெரியாதுங்க" என்றான் ஆபரேட்டர்.

"முந்தாநாள்?"

"தெரியாது."

"தெரியாது. தெரிஞ்சவங்களா இருந்தா உக்கார வச்சிருக்க மாட்டீங்க." அவர் மகளின் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்தார். "நானும் தினம் தெரியாத ஆளுங்களத்தாங்க ஏத்துறேன். ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது. பிரேக் சரியில்லன்னு தெரிஞ்சா எம்பொண்டாட்டிய மட்டும் எறக்கி விட்டுட்டு மத்தவங்கள ஓட்டிட்டுப் போவேனா? எல்லாரும் இதப் பாவம்னு சொல்லுவாங்க. பாவம்னா கடவுள் பாத்துக்குவாரு. இது குத்தம். இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். என்கிட்ட மட்டும் இல்ல, இந்த வரிசைல நிக்கிற அத்தன பேருகிட்டயும்."

மெக்கானிக் வேலியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் "டெக்னிக்கல், டெக்னிக்கல்" என்று காதோரம் முணுமுணுத்தார்.

ஆபரேட்டர் மைக்கை வாய்க்கு நேராகக் கொண்டுபோனான். அந்த மைக்கில் அவன் இதுவரை பேசினதெல்லாம் 'எல்லாரும் ரெடியா? சத்தம் பத்தல!' என்பதுதான். ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டான். ஒலிபெருக்கி வழியாக அந்தச் செருமல் பூங்கா முழுக்கக் கேட்டது.

"இது சின்னப் பிரச்சனை இல்லீங்க. ஏழாம் நம்பர் சீட்டோட பூட்டு ஆறு வாரமா சரியில்ல. எனக்குத் தெரியும். இங்க வேலை செய்யிற எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்டுப் பிள்ளைங்கள நாங்க அதுல உக்கார வைக்கல, உங்க பிள்ளைங்கள உக்கார வச்சோம். எங்க பிள்ளைக்கு ஆகாத இடம் எந்தப் பிள்ளைக்கும் ஆகாதுன்னு எனக்கு ஒருத்தி வந்து சொல்ல வேண்டியிருந்துச்சு. அரசாங்க ஆய்வாளர் வந்து பாக்குற வரைக்கும் இந்த டவர் ஓடாது, சாவி என்கிட்டதான் இருக்கு. அதோட இன்னொண்ணும் சொல்றேன். இங்க மட்டும் இல்ல, எங்க போய் உங்க பிள்ளைய ஏத்துறதா இருந்தாலும், அத ஓட்டுறவனப் பாத்துக் கேளுங்க: 'இதுல உன் பிள்ளைய உக்கார வைப்பியா?' அவன் ஒரு விநாடி யோசிச்சாக்கூட, பிள்ளையக் கூட்டிட்டு வீட்டுக்குப் போயிடுங்க."